திசை மாறிய சுற்று

செப்டம்பர் 6, சனி

விடியுமுன் எழுந்தோம். வசந்தா ஓடினாள், நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். சிறுவாணி சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர். வழக்கமான இடங்களில் நிறுத்தி நீர்மோரும், உப்புத் தூவிய உருளைக்கிழங்குத் துண்டுகளும் கொடுத்தேன். ஓரிடத்தில் நாய் துரத்தியது. நான் வண்டியை நிறுத்திவிட்டேன். அவள் திரும்பி நின்று, "போடா அக்கட்டால!" என்று ஓர் அதட்டல் போட்டாள். நாய் போய்விட்டது. அது போன பிறகும் சற்று நேரம் நான் வண்டியை எடுக்கவில்லை.

டிசம்பரில் அவளுக்கு மலை ஓட்டம். தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கி ஐம்பது கிலோமீட்டர். மாரத்தானைவிட நீளமான எல்லாவற்றையும் இவர்கள் அல்ட்ரா என்கிறார்கள். அறுபத்திரண்டு வயதில் என் மனைவிக்கு மாரத்தான் போதவில்லை. மலைக்கென்று அடியில் பற்கள் வைத்த ஷூ வாங்கியிருக்கிறாள். அதை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்க்கிறாள். தரை டக் டக் என்கிறது.

திரும்பி வந்து பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். எங்கள் குடியிருப்பு பழையது. மூன்றாம் மாடி; லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில்தான் எல்லா வீட்டு மின்சார மீட்டர்களும் இருக்கின்றன. நின்று எங்கள் மீட்டரைப் பார்த்தேன். இந்த மாதம் சற்று அதிகம்தான்.

செப்டம்பர் 10, புதன்

முதல் மாடியில் இருக்கும் பொன்னுச்சாமி மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவர், நான் மீட்டர் பெட்டிக்கு முன் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் சார், காலைலயும் இதைப் பாத்தீங்க, இப்பவும் பாக்கறீங்க. ஈ.பி.ல வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

"பில்லு அதிகமா வருதுங்க. அதான்."

"வீட்டுல அம்மா ஓடறது பத்தாதுன்னு மீட்டரும் ஓடுதாக்கும்?"

சிரித்து வைத்தேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, மூச்சு சமநிலைக்கு வந்த பிறகு, அவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய நல்ல பதில்கள் மூன்று தோன்றின. கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலத்திலும் இப்படித்தான். மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

செப்டம்பர் 17, புதன்

கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல். உயிரோடு இருப்பதை நேரில் காட்டிக் கையெழுத்திட்டேன். வருகிற வழியில், சும்மா, ஓர் இதய மருத்துவரைப் பார்த்தேன். நேரம் முன்பே வாங்கியிருந்தேன்.

மார்பில் கம்பிகளை ஒட்டி ஓட்ட எந்திரத்தில் ஏற்றினார்கள். வாழ்க்கையில் முதல்முறை. என் மனைவி அல்ட்ரா ஓடுகிறவள் என்று அந்த நர்ஸிடம் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் எந்திரத்தின் சாய்வை உயர்த்தினார்கள். அதற்குமேல் பேச முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"அடைப்பு இருக்கிற மாதிரி தெரியுது சார். ஆஞ்சியோ பண்ணிப் பாத்துரணும். தள்ளிப் போட வேண்டாம்."

"டிசம்பர் கடைசியில பண்ணிக்கலாங்களா?"

"எதுக்கு டிசம்பர்?"

"வீட்டுல ஒரு விசேஷம்."

"கல்யாணமா?"

"அந்த மாதிரிதான்" என்றேன்.

சிறு வயது டாக்டர். அவர் முகத்தில் கோபம் வந்ததா, சலிப்பா என்று தெரியவில்லை. மாத்திரைகள் எழுதினார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாத்திரை. அது எப்போதும் கைவசம் இருக்க வேண்டுமாம். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வசந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மலை ஓட்டத்தை விட்டுவிடுவாள். அவளுக்காகத்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஓட்டக் குழுவிலிருந்து தில்ஷாத் வந்திருந்தாள். பேக்கரி நடத்துகிற பெண். வசந்தாவைவிட இருபது வயது சிறியவள். குழுவுக்கு இவள்தான் எல்லாம். கையோடு கொண்டுவந்த பன்னை வசந்தா நின்றபடியே மூன்று வாயில் தின்றாள். திருமணமான புதிதில் வசந்தா என் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுவாள்.

மலையில் வேகம் முக்கியமில்லை என்று இருவரும் எனக்கு விளக்கினார்கள். பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். நடுவில் உடைந்தால் இதயம் அதிகம் உழைக்கிறது என்று பொருள்.

"கடிகாரம் பொய் சொல்லும் சார். பேச்சு பொய் சொல்லாது" என்றாள் தில்ஷாத்.

நல்ல அளவீடுதான். கருவி தேவையில்லை. வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

"அது சரி அக்கா, இத்தனை தூரம் ஓடறப்ப என்னதான் நெனப்பீங்க?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டேன் தில்ஷாத். ஓடறப்ப யாரும் என்னையக் கூப்பிட மாட்டாங்க. அதான்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் அம்மா எட்டு வருடம் படுக்கையில் இருந்தார். 'வசந்தா' என்று கூப்பிட மட்டும் குரல் இருந்தது. ஒரு நாளில் எத்தனை முறை கூப்பிடுவார் என்று நான் எண்ணியதில்லை. எண்ணுவது என் தொழிலாக இருந்தும். அம்மா போன அடுத்த மாதம் இவள் பூங்காவில் நடக்கத் தொடங்கினாள், அப்புறம் ஓட.

அக்டோபர் 4, சனி

ஓட்டம் முடிந்து வந்து மாடி ஏறும்போது வசந்தா பையை வாங்கிக்கொண்டாள். முதல் மாடியில், "உங்க காலேஜுல பிரின்சிபாலா இருந்தவங்க பேரையெல்லாம் வரிசையாச் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க. கேக்கோணும்னு தோணுச்சு."

முத்துவேலப்பர், டி.எஸ். ராமநாதன், அடுத்து அந்த அம்மையார். அதோடு இரண்டாம் மாடித் திருப்பம் வந்துவிட்டது. மீட்டர் பார்க்க நின்றேன். பக்கத்திலேயே நின்றாள். மீட்டரைப் பார்க்கவில்லை.

நாற்பது வருடத்தில் என் கல்லூரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவள் இல்லை. வயதானால் பேச்சுத்துணை வேண்டியிருக்கும்போல. மனதுக்கு இதமாக இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

மறுபடியும் படியில் கதை கேட்டாள். நேற்றும் கேட்டாள். இன்று, நாங்கள் பழனி போனபோது பஸ் நின்றுபோன கதை. அவளும் கூட இருந்த கதைதான்.

அக்டோபர் 13, திங்கள்

எதிர்பாராத செய்தி. காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"மலை வேண்டாமுங்க. பேரை வாபஸ் வாங்கிட்டேன்."

"ஏன்?"

"முட்டி வலிக்குது. ஏத்தம் தாங்காது."

நானே அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை. வலது முழங்கால் என்றாள். சாயங்காலம் இடது காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பதிலாக, அதே டிசம்பரில் இங்கேயே ஒரு கல்லூரி மைதானத்தில் பன்னிரண்டு மணி நேர ஓட்டம் இருக்கிறதாம். நானூறு மீட்டர் வட்டத்தில் விடிகாலை ஐந்து முதல் மாலை ஐந்து வரை. இத்தனை தூரம் என்ற நிபந்தனை இல்லை. எவ்வளவு ஓடுகிறார்களோ அவ்வளவு. எழுபது கிலோமீட்டர் என்று தனக்கு ஓர் இலக்கு வைத்திருக்கிறாள். ஒரே பக்கமாகச் சுற்றினால் ஒரு கால் மட்டும் தேயும் என்பதால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விசில் ஊதித் திசையை மாற்றுவார்களாம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. பிழையை இரண்டு பக்கமும் சமமாகப் பகிர்ந்துவிடுகிறார்கள். வரைதாளில் அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். மேலே திசைக்கு ஓர் அம்புக்குறி.

மலைக்கு நான் ஜீப்பில் ஏறி, இறங்கி, பாதி வழியில் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இது நாற்காலி வேலை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்குமோ என்று ராத்திரிவரை சங்கடமாக இருந்தது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி பலகாரம் இன்னும் தீரவில்லை. புனேயிலிருந்து மகள் மைதிலி பேசினாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஏம்மா, ரெண்டு வருசமா மலை மலைன்னு உயிரை எடுத்தே. இப்ப என்ன செக்குமாடாட்டம் ஒரே எடத்தைச் சுத்தப் போறே?"

"மலை எங்கயும் போயிராது கண்ணு."

"அப்பா, நீங்களாச்சும் கேட்டீங்களா?"

"முட்டி வலிங்கறா."

"முட்டி வலிக்காரங்க பன்னெண்டு மணி நேரம் ஓடுவாங்களாப்பா?"

நானும் வசந்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதிரசம் நமுத்துவிட்டது என்று எழுந்து போனாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இப்போதெல்லாம் அவள் சாலையில் ஓடுவதில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானம்தான். பந்தயத்துக்குப் பழக வேண்டுமாம். ஸ்கூட்டருக்கு ஓய்வு, எனக்கும்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுகளைக் குறிக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு முறை அந்தச் சிறிய மாத்திரை தேவைப்பட்டது. குளிரினால் இருக்கலாம். இதற்கு ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன். நாற்காலியை வளைவு தொடங்கும் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் என்னைத் தாண்டி வளைவுக்குள் நுழைந்துவிட்டால் முதுகுதான் என் பக்கம். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும்போது தூரம் அதிகம். கை அசைவது தெரியாது. அவள் வளைவில் இருக்கும்போது கண்ணாடிக் கூட்டைத் திறந்து, எடுத்து, வைத்து, மூட வேண்டும். போதுமான நேரம் இருக்கிறது.

பற்கள் வைத்த ஷூவைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டாள்.

நவம்பர் 26, புதன்

டாக்டரின் இடத்திலிருந்து மறுபடியும் அழைப்பு. எடுக்கவில்லை.

"யாருங்க?"

"லோன் வேணுமான்னு கேக்கறாங்க."

"பரவால்ல. வாரம் தவறாம விசாரிக்கறாங்க" என்றாள் வசந்தா, அரிசி களைந்துகொண்டே.

டிசம்பர் 5, வெள்ளி

களைப்பு.

டிசம்பர் 13, சனி

பை கட்டியாயிற்று. நீர்மோர், ராகிக் கூழ், உருளைக்கிழங்கு, கடலை உருண்டை, விரல்கள் தனித்தனியாக நுழையும் காலுறை மூன்று ஜோடி, வாஸ்லின், தொப்பி. என் பங்குக்கு அட்டவணை, இரண்டு பேனா, பென்சில்.

வசந்தா தில்ஷாத்திடம் சொல்லி நாற்காலி போடும் இடத்தை முன்பே பிடித்துவிட்டாளாம். வளைவுக்குப் பக்கத்தில்தான், முதலுதவிக் கூடாரத்தை ஒட்டி.

"அங்க மருந்து நாத்தம் அடிக்குமே" என்றேன்.

"நெழலா இருக்குமுங்க" என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு (மைதானத்தில்)

காலை 5. தொடங்கியாயிற்று. நாற்பது பேர் இருக்கலாம். வசந்தா கடைசியிலிருந்து மூன்றாவது. கவலைப்படவில்லை, கையசைத்தாள்.

6.30. பனி. ஒவ்வொரு சுற்றிலும் என் பக்கம் பார்க்கிறாள். அட்டவணையைப் பார்க்கிறாள் என்று நினைத்து அதைத் தூக்கிக் காட்டினேன். "அதைக் கீழ வைங்க, கை வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

8. விசில். திசை மாற்றம். அம்புக்குறியைத் திருப்பி வரைந்தேன். இப்போது வளைவிலிருந்து வெளியே என்னை நோக்கி வருகிறாள். நினைவில் வைக்க வேண்டும்.

9.40. தில்ஷாத் ஆறு சுற்று முன்னால். "சார், அக்கா பாட்டுப் பாடிட்டே ஓடறாங்க!" என்று கத்திவிட்டுப் போனாள். உண்மைதான், உதடு அசைகிறது. என்ன பாட்டு என்று கேட்க வேண்டும்.

11. விசில். பழைய திசை. எனக்கும் இது வசதி. வெயில் ஏறுகிறது.

12.15. கூழ் அரை டம்ளர். இடது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, காலுறை மாற்றினேன். குனிந்து நிமிர்ந்ததில் கொஞ்சம் மார்பில். மாத்திரை. அவள் வளைவில் இருந்தாள்.

1.30. எல்லோரும் நடக்கிறார்கள். வசந்தா மட்டும் ஓட்டமும் இல்லாத நடையும் இல்லாத அந்தச் சிறு எட்டுகளில் போகிறாள். இவ்வளவு அழகாக இருப்பாள் என்று எழுதினால் சிரிப்பாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். எழுபது கட்டாயம் வரும்.

2. விசில். அம்புக்குறியைத் திருப்பி வரைந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி (மருத்துவமனை)

இன்றுதான் பேனா பிடிக்கலாம் என்றார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வலது கை இன்னும் கனக்கிறது. எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு மணிக்குத் திசை மாறிற்று. அம்புக்குறியை மாற்றியதும் நான்தான். சற்று நேரத்தில் வலி. முந்தைய வலிகளைப் போல இல்லை, தாடைவரை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வசந்தா வளைவில் இருந்தாள். வளைவு என்றால் முதுகு என்று என் கை பழகியிருந்தது. கூட்டைத் திறந்து மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். கூட்டை மூடிவிட்டுத் தலை தூக்கினால், அவள் நேர் எதிரே, பத்தடியில், என்னைப் பார்த்தபடி வந்துகொண்டிருக்கிறாள்.

நின்றுவிட்டாள். காலுறை மாற்றியதைத் தவிர, அன்று காலையிலிருந்து அவள் முழுதாக நின்றது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"வாயைத் தொறங்க."

நான் திறக்கவில்லை.

"தொறங்கன்னா. நாக்கைத் தூக்குங்க."

குழந்தை மண் தின்றதா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கூடாரத்தைப் பார்த்து, சத்தம் போடாமல், "டாக்டர், இவரைக் கொஞ்சம் பாருங்க. நெஞ்சு வலி. மூணு மாசமா இருக்குது" என்றாள்.

மூன்று மாதம் என்று அவள் சொன்னதுதான் முதலில் என் காதில் விழுந்தது. வலி அப்புறம்.

"இன்னும் மூணு மணி நேரம் இருக்குது வசந்தா. நீ ஓடு. நான் இங்கயே படுத்துக்கறேன். டாக்டர்தான் இருக்காரில்ல."

அவள் குனிந்து கணுக்காலில் கட்டியிருந்த, சுற்றுகளை எண்ணும் கருவியை அவிழ்க்கப் பார்த்தாள். இடுப்பு வளையவில்லை. மண்ணில் உட்கார்ந்து அவிழ்த்துத் தன்னார்வலரான ஒரு பெண்ணிடம் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, டைம் நெறைய இருக்கே. நிறுத்திக்கறீங்களா?"

"இருக்கட்டும் கண்ணு. என்னைக் கைபிடிச்சுத் தூக்கிவிடு."

ஆம்புலன்ஸில் என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆனால் அவளால் அந்தப் படி ஏற முடியவில்லை; தொடை இறுகிவிட்டது. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மருத்துவமனையில் கதவு திறந்ததும், முகமெல்லாம் உப்புப் பூத்து, மார்பில் எண் அட்டை குத்திக்கொண்டு, கால்களை அகட்டி இறங்கிய அவளைத்தான் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"பேஷன்ட் நானில்லைங்க. அவரு. உள்ள நல்லாப் படுத்துட்டு இருக்கறாரு பாருங்க" என்றாளாம். கூடவே வந்த தில்ஷாத் சொன்னாள்.

நேற்று வார்டுக்கு மாற்றிய பிறகு இருவரும் பேசினோம். கட்டிலுக்குப் பக்கத்தில் கால்களை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நகம் இரண்டு போய்விட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படியில பேசிட்டே வாங்கன்னு எதுக்குச் சொன்னேன்? மூணாவது பிரின்சிபால் வர்றதுக்குள்ள உங்களுக்கு மூச்சு நின்னுரும். அப்பறம் அந்த மீட்டரு. பில்லு கட்டறது நானு. எனக்குத் தெரியாதா எத்தனை யூனிட்டுன்னு?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒண்ணுமில்லைம்பீங்க. அப்பறம் இன்னும் கெட்டியா மறைப்பீங்க." ஸ்டூலில் கால்களை மாற்றி வைத்தாள். "அது மட்டும் இல்லீங்க. எனக்கும் ஓடோணும்னு இருந்துச்சு. கேட்டுட்டா ஓட முடியாது. மலையை விட்டேன்ல, அதோட சரியாப் போச்சு, பக்கத்துலயே வெச்சுப் பாத்துட்டே ஓடிக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான்…"

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

"நான் உன் ஓட்டம் கெடக்கூடாதுன்னுதான்…" என்று ஆரம்பித்தேன்.

"அதை மட்டும் சொல்லாதீங்க. என் தலையில கட்டாதீங்க. உங்களுக்கு ஆஸ்பத்திரின்னா பயம். கல்யாணம் ஆன நாளா எனக்குத் தெரியும். பல்லுப் புடுங்கவே ரெண்டு வருசம் தள்ளிப் போட்டவரு நீங்க."

டிசம்பர் 20, சனி

பயம்தான்.

டிசம்பர் 23, செவ்வாய்

வீட்டுக்கு வந்தோம். பொன்னுச்சாமியும் அவர் மகனும் என்னை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கை மாற்ற இறக்கி வைத்தார்கள்.

"பாத்துக்குங்க சார், உங்க மீட்டரு. பத்தரமா இருக்குது" என்றார் பொன்னுச்சாமி, மூச்சு வாங்க.

மைதிலி புனேயிலிருந்து வந்துவிட்டாள். எங்கள் இருவர்மீதும் கோபம். சமையலறையில் பாத்திரங்களைச் சத்தமாக வைக்கிறாள்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் மைதிலி ஊருக்குக் கிளம்பினாள். மதியம் தில்ஷாத் வந்தாள். வசந்தாவின் பதக்கமும் சான்றிதழும் கொண்டுவந்தாள். ஐம்பத்து மூன்று கிலோமீட்டர் என்று அச்சாகியிருந்தது.

"நடுவுல விட்டுட்டுப் போனவங்களுக்கும் கொடுப்பாங்களா?" என்றேன்.

"இந்த மாதிரி ஓட்டத்துல விட்டுட்டுப் போனவங்கன்னு யாருமே இல்லை சார். எப்ப நிறுத்துனாலும் ஓடுன வரைக்கும் கணக்கு. மலைன்னா அப்படி இல்லை. கடைசிக் கோட்டைத் தொடலேன்னா பேரே வராது. அதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே அக்கா இதுக்கு மாறினாங்க? எந்த எடத்துல ஓடுனாலும் சார் நாற்காலி கண்ணுக்குத் தெரியுமான்னுகூட…"

"தில்ஷாத், காப்பி ஆறுது" என்றாள் வசந்தா உள்ளேயிருந்து.

தில்ஷாத் போன பிறகு பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மொத்தமே மூன்று டம்ளர்கள்தான்.

அவள் மைதானத்தில் பாடியது பாட்டில்லையாம். கேட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது, 'உக்காந்திருக்கறாரு, உக்காந்திருக்கறாரு' என்று சொல்லிக்கொண்டு ஓடினாளாம். யாரும் கூப்பிடாத இடம் என்று எதற்காக ஓடத் தொடங்கினாளோ, அதில் ஒரு பகல் முழுதும் என்னைச் சுமந்துகொண்டு சுற்றியிருக்கிறாள்.

ஜனவரி 27, செவ்வாய்

பள்ளி மைதானத்தில் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நாற்காலியில் இப்போது வசந்தா. கையில் நீர்மோர். என் அட்டவணையை மடித்து விசிறிக்கொள்கிறாள், ஒன்றும் குறிப்பதில்லை.

"எத்தனை சுற்று ஆச்சு?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? அலுத்தா வந்து உக்காருங்க."

இப்படி ஓர் ஒழுங்கில்லாத ஏற்பாட்டில் என்னால் நடக்க முடியும் என்று நினைத்ததில்லை. சீக்கிரம் அலுத்துவிட்டது. உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அடுத்த டிசம்பர் மலை ஓட்டத்துக்குப் பதிவு தொடங்கிவிட்டது என்று தில்ஷாத் அனுப்பியிருந்தாள். வசந்தா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் பெயரைப் பதிந்தேன். ஒவ்வொரு எழுத்தாக. இரண்டு முறை தப்பு வந்தது.

"யாரைக் கேட்டுங்க?"

"யாரையும் கேக்கல."

"மலைக்குள்ள போயிட்டா உங்களை நான் பாக்க முடியாது."

"நானும்தான் உன்னைப் பாக்க முடியாது" என்றேன். "பயமாத்தான் இருக்குது வசந்தா."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினாள். ஷூப் பெட்டிமேல் ஒரு விரல் தூசி.

பிப்ரவரி 15, ஞாயிறு

மைதானத்திலிருந்து திரும்பி மாடி ஏறினோம். வசந்தா முன்னால், அந்தப் பற்கள் வைத்த ஷூவில், டக் டக் என்று. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"ம், சொல்லுங்க" என்றாள் திரும்பாமலே.

முத்துவேலப்பர், டி.எஸ். ராமநாதன், அந்த அம்மையார் எலிசபெத் சாமுவேல், அதற்கப்புறம் கந்தசாமி. அடுத்தவர் ஒருவர் இருந்தார். குள்ளமாக, மூக்குப்பொடி போடுவார். பெயர் வரவில்லை. அதையே யோசித்துக்கொண்டு ஏறியதில் வீட்டுக் கதவு வந்துவிட்டது.

மிகவும் களைப்பாக இருக்கிறது. மீட்டர் இன்று எவ்வளவு காட்டுகிறது என்று தெரியவில்லை.